பரங்கிமலையில் போட்ட முதல் கோடு

முப்பரிமாண மென்பொருளைத் திறந்ததும் திரையில் ஒரு வெற்றுத் தரை தெரியும். அதன் மேல் சாம்பல் நிறக் கட்டங்கள். நடுவே சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பூச்சியம். பிளெண்டரானாலும் ஆட்டோகேடானாலும் இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை. நம்மில் பலர் இதைப் பொருட்படுத்தாமல் நேராக வரையத் தொடங்கிவிடுகிறோம்.

அந்தக் கட்டம் சும்மா அழகுக்குப் போட்டது அல்ல. ஒரு கட்டத்தின் அகலம் ஒரு மீட்டரா, ஒரு மில்லிமீட்டரா? பூச்சியம் எங்கே இருக்கிறது? எந்தப் பக்கம் வடக்கு? இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் வரைந்தால் பின்னால் சிக்கல்தான். முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் எண்கள் மட்டுமே இருக்கும், அலகு இருக்காது. மில்லிமீட்டரில் வரைந்ததை இன்னொரு மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். வரைந்த வடிவத்தில் ஒரு பிழையும் இருக்காது. பிழை முழுவதும் கட்டத்தில்தான்.

கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரு நாட்டின் நிலத்துக்கே இப்படி ஒரு கட்டத்தை அமைக்கத் தம் வாழ்நாளில் 20 ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவருடைய முதல் கோடு விழுந்த இடம் தமிழ்நாட்டின் பரங்கிமலை. அந்த வேலையின் தொடர்ச்சி நம் ஜொகூர் வரைபடங்கள் வரை வந்திருக்கிறது. அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

தாமதமாகத் தொடங்கிய வாழ்க்கை

லாம்டன் 1753ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில், நார்தலர்டன் என்ற ஊருக்கு அருகே ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். கணிதத்தில் கெட்டிக்காரர். ஆனால், பணமும் செல்வாக்கும் இல்லாதவர்களுக்கு அந்தக் காலத்தில் பெரிய கதவுகள் எளிதில் திறக்கவில்லை. இராணுவத்தில் சேர்ந்தார். வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, இன்று கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் பல ஆண்டுகள் தங்கினார். குடியேறிகளுக்கு நிலம் அளந்து பிரித்துக் கொடுக்கும் வேலையும் அங்கே அவருக்குப் பழக்கமானது. சூரிய கிரகணத்தைப் பார்க்கப்போய் ஒரு கண்ணின் பார்வை பழுதானதும் அந்த ஆண்டுகளில்தான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பெரிய வேலை இல்லாத அந்தப் பாளையத்தில் அவர் புத்தகங்களோடு வாழ்ந்தார். கணிதம், வானியல், பூமியின் வடிவம் பற்றிய ஆய்வுகள் என்று படித்துக்கொண்டே இருந்தார். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் நடுவில் சற்றுப் பருத்தும் இருக்கிறது என்று நியூட்டன் கணித்திருந்தார். எவ்வளவு தட்டை என்பதைத் துல்லியமாகச் சொல்ல, பூமியின் வெவ்வேறு இடங்களில் நிலத்தை அளந்து பார்க்க வேண்டும். ஐரோப்பியர்கள் பெருவிலும் லாப்லாந்திலும் பிரான்சிலும் அளந்திருந்தார்கள். இந்தியாவில் அப்படிப்பட்ட பெரிய அளவை நடக்கவில்லை.

1790களின் பிற்பகுதியில் லாம்டனின் படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் லாம்டனும் இருந்தார். ஓர் இரவுப் பயணத்தில் படை தவறான திசையில் போவதை நட்சத்திரங்களின் நிலையை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னார் என்று ஒரு செய்தி உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து மைசூர் கைக்கு வந்ததும், தென்னிந்தியாவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முக்கோண முறையில் அளக்கும் திட்டத்தை எழுதி மேலிடத்தில் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

திட்டம் ஏற்கப்பட்டதற்கு அறிவியல் ஆர்வம் மட்டும் காரணம் அல்ல. புதிதாகப் பிடித்த நாட்டை ஆளவும், வரி வசூலிக்கவும், படை நடத்தவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நல்ல வரைபடம் தேவைப்பட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் எதிர்ப்பும் இருந்தது. பல்லக்குத் தூக்குபவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவாரே, இத்தனை செலவில் அளவை எதற்கு என்று கேட்ட அதிகாரியும் உண்டு.

சங்கிலியும் வெயிலும்

லாம்டன் நினைத்த வேலைக்குச் சாதாரணக் கருவிகள் போதா. சீனப் பேரரசருக்குப் பரிசாக ஒரு பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோய், அங்கே ஏற்கப்படாமல் திரும்பிய எஃகுச் சங்கிலி ஒன்று இந்தியாவில் இருந்தது. 100 அடி நீளம், இரண்டரை அடி வீதம் 40 கண்ணிகள். அதை வாங்கிக்கொண்டார். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி லண்டனில் செய்யப்பட்டது. அதன் வட்டத் தகடு மட்டும் 36 அங்குல விட்டம். மொத்த எடை கிட்டத்தட்ட அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்து மொரிசியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது ஆயுதம் அல்ல, அறிவியல் கருவி என்று தெரிந்ததும், பகை நாடாக இருந்தும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பரங்கிமலைப் பக்கம் முதல் அளவை தொடங்கியது. நிலத்தில் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு நேர்கோடு. இதற்குப் பெயர் அடிக்கோடு. 100 அடிச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி மடக்கி வைத்தால்தான் இந்தக் கோடு முடியும்.

ஏப்ரல், மே மாதச் சென்னை வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும். வெயிலில் எஃகு நீளும். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் 100 அடிச் சங்கிலி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீளும். இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 400 முறையால் பெருக்கிப் பாருங்கள். 10 பாகை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் 12 கிலோமீட்டர் கோட்டில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பிழை வந்துவிடும். அந்த ஒன்றரை மீட்டர் அங்கேயே நிற்காது. இந்தக் கோட்டின் மேல் கட்டப்படும் ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் அது புகுந்துவிடும்.

ஆகவே, லாம்டன் சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப் பெட்டிகளுக்குள் அதைக் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெயில் படாமல் கூடாரத்தால் மறைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார். அவரிடம் இரண்டாவதாக ஒரு சங்கிலியும் இருந்தது. அதை அளக்கப் பயன்படுத்தவில்லை. முதல் சங்கிலி தேய்ந்து நீண்டுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே பத்திரமாக வைத்திருந்தார். ஒரு கோடு போட வாரக்கணக்கில் ஆனது.

ஒரு கோட்டிலிருந்து ஒரு நாடு

அடிக்கோடு முடிந்த பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. படிவம் நான்கில் கூடுதல் கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், சைன் விதியைக் கொண்டு மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று தூரத்து மலை உச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் அளந்தால், அந்த உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே போய் ஒரு சங்கிலியும் இழுக்க வேண்டாம். கணக்கிட்ட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாக, காடு, ஆறு, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் தாண்டிப் போகலாம்.

பெரிய முக்கோணங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. பள்ளியில் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும் என்று படிக்கிறோம். தட்டையான தாளில் அது சரி. பல மைல் நீளமுள்ள பக்கங்களைக் கொண்ட முக்கோணம் பூமியின் வளைவின் மேல் கிடப்பதால், கூட்டுத்தொகை 180ஐவிட ஒரு மயிரிழை கூடுதலாக வரும். அரை டன் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்த மயிரிழையையும் பிடிப்பதற்காகத்தான்.

சென்னையிலிருந்து மேற்கே சென்ற முக்கோணங்கள் பெங்களூரை அடைந்ததும், 1804இல் அங்கே மீண்டும் சங்கிலியை எடுத்து ஓர் அடிக்கோட்டை நேரடியாக அளந்தார்கள். முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் கையால் அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவு. சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் வந்தும், ஏழு மைல் கோட்டில் நான்கு அங்குலம்கூட இல்லாத பிழை! அளவை மங்களூர்க் கரையைத் தொட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அதுவரை இருந்த வரைபடங்கள் தென்னிந்தியாவைச் சுமார் 40 மைல் அகலம் கூட்டிக் காட்டியிருந்தன. இல்லாத நிலத்தை இத்தனை நாளும் தாளில் வைத்திருந்தார்கள்.

பிறகு லாம்டன் கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கி, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, முக்கோணங்களின் நீண்ட தொடர் ஒன்றை அமைத்தார். பூமியின் வளைவை அளப்பதற்கான தொடர் இது. கோயம்புத்தூர் வட்டாரத்திலும் திருநெல்வேலி வட்டாரத்திலும் சரிபார்ப்பதற்காகப் புதிய அடிக்கோடுகளை அளந்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நேர்ந்தது

காவிரிச் சமவெளியில் மலை இல்லை. தென்னந்தோப்புகள் கண்ணை மறைக்கும். தூரம் பார்க்க வேண்டுமென்றால் கோயில் கோபுரங்களில்தான் ஏற வேண்டும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி விமானத்தின் கற்சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டத் தகடு நெளிந்துபோனது.

வேறொருவராக இருந்தால் புதுக் கருவி லண்டனிலிருந்து வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். லாம்டன் கருவியைக் கழற்றி, கூடாரத்துக்குள் தம்மை அடைத்துக்கொண்டார். மரச் சுத்தியல், ஆப்பு, திருகாணி, கம்பி ஆகியவற்றின் துணையோடு, நெளிந்த தகட்டைத் துளித்துளியாக இழுத்தும் தட்டியும் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரங்கள் ஆயின. அதன் பின்னும் பல ஆண்டுகள் அந்தக் கருவியால் அளந்தார்கள். எத்தனையோ வாழ்க்கை வரலாறுகளில் போர்க்களம்தான் உச்சக் காட்சியாக இருக்கும். இவர் வரலாற்றில் அது ஒரு கூடாரத்துக்குள் நடந்தது.

இந்த வேலை ஒருவரால் முடிந்தது அல்ல. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அவரோடு உழைத்தார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியானது. இவர்களைத் தவிர, சங்கிலி பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள், மரம் வெட்டி வழி செய்தவர்கள், மலையுச்சியில் கொடி பிடித்து நாள்கணக்கில் நின்றவர்கள் என்று உள்ளூர் மக்கள் ஏராளம். காட்டுக் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. கருவி செய்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. அதைச் சுமந்தவர்களின் பெயர் கிடைக்கவில்லை. லாம்டனைப் பாராட்டும்போது இதையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

1817இல் லண்டன் ராயல் சொசைட்டி லாம்டனை உறுப்பினராக்கியது. 1818இல் அவருடைய அளவைப் பணி, மாபெரும் முக்கோணவியல் அளவை என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளம் அதிகாரி உதவியாளராக வந்து சேர்ந்தார். எழுபது வயதை நெருங்கியும் லாம்டன் ஓய்வு பெறவில்லை. 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், நாக்பூருக்குப் போகும் வழியில், இன்று மகாராஷ்டிராவில் இருக்கும் ஹிங்கன்காட்டில் காலமானார். அதற்குள் 165,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் அவருடைய முக்கோணங்களுக்குள் வந்திருந்தது.

ஜொகூருக்கு வந்த எண்

லாம்டன் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் தொடர்ந்தார். இந்தியாவில் அளந்த வளைவைக் கொண்டு, பூமியின் வடிவத்துக்கு ஒரு கணித உருவத்தை 1830இல் வெளியிட்டார். எவரெஸ்ட் நீள்வட்டத் திண்மம் என்று அதற்குப் பெயர். உலகின் உயர்ந்த சிகரத்துக்குப் பின்னாளில் சூட்டப்பட்டதும் இவர் பெயரே. சிகரத்தை எல்லாரும் அறிவார்கள். அந்த எண் நம் நாட்டுக்கு வந்த கதையை அறிந்தவர்கள் குறைவு.

மலாயாவை அளந்தவர்களும் சற்றே திருத்தப்பட்ட எவரெஸ்ட் உருவத்தின் மேல்தான் தங்கள் கணக்கை அமைத்தார்கள். பகாங்கில் உள்ள கெர்த்தாவை அடிப்படையாகக் கொண்ட அமைப்பு அது. தீபகற்ப மலேசியாவின் வரைபடங்களும் ஜொகூரின் பழைய நில வரைபடங்களும் பல தலைமுறைகளாக இந்த வழியில்தான் வந்தன. 2003இல் மலேசியா, செயற்கைக்கோள் அளவைக்குப் பொருந்தும் ஜிடிஎம்2000 என்ற புதிய அமைப்புக்கு மாறியது. எவரெஸ்ட் கணக்கில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் சுமார் 6,377.3 கிலோமீட்டர். புதிய கணக்கில் 6,378.137 கிலோமீட்டர். வேறுபாடு 800 மீட்டருக்கும் மேல்.

இதை லாம்டனின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூமியின் ஒரு பகுதியை மட்டும் அளந்தவர்களுக்கு அந்தப் பகுதிக்கு நன்றாகப் பொருந்தும் உருவமே கிடைக்கும். செயற்கைக்கோள் முழு பூமியையும் சுற்றி வந்து பார்க்கிறது. எவரெஸ்டும் பின்னர் வேறு கருவிகளோடு வந்து, சங்கிலியால் அளந்த பழைய அடிக்கோடுகள் சிலவற்றை மறுபடி அளந்தார்.

ஆனால், இரண்டு அமைப்புகளையும் கலந்துவிட்டால் ஆபத்து. கெர்த்தாவ் அமைப்பில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைப்பேசி காட்டும் எண்கள் என்று நினைத்து அப்படியே பதிந்தால், ஜொகூரில் ஓர் இடம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். வீட்டுமனை ஒன்று பக்கத்துச் சாலையைத் தாண்டிப் போய் உட்கார அது போதும். இன்று நில வரைபட மென்பொருளில் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால் கெர்த்தாவ், ஜிடிஎம்2000, ஜொகூருக்கென்று உள்ள தனிக் கட்டம் எல்லாம் வரிசையாக நிற்கும். எதைச் சொடுக்குகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முப்பரிமாண வடிவமைப்புப் பழகும் மாணவர்கள் லாம்டனின் வேலைமுறையை அப்படியே பின்பற்றலாம்.

முதலில் அலகு. ஆட்டோகேடில் ஓர் அலகு என்பது நாம் சொல்லும் வரை மில்லிமீட்டரும் அல்ல, மீட்டரும் அல்ல. சாவிக்கொத்து வரைகிறோமா, வீடு வரைகிறோமா என்று முடிவு செய்து, அலகையும் கட்ட இடைவெளியையும் வரைவதற்கு முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும். சங்கிலி எத்தனை அடி என்று தெரியாமல் அடிக்கோடு போட முடியாது.

இரண்டாவது தொடக்கப் புள்ளி. நாட்டின் வரைபடக் கட்டத்தில் ஜொகூர் பாருவின் அச்சுத்தூரம் லட்சக்கணக்கான மீட்டரில் வரும். அந்த எண்களை அப்படியே பிளெண்டர் போன்ற மென்பொருளில் கொடுத்தால், பூச்சியத்திலிருந்து வெகுதூரம் போன வடிவம் திரையில் நடுங்கும், விளிம்புகள் உடையும். கணினி ஓர் எண்ணுக்கு வைத்திருக்கும் இலக்கங்கள் குறைவு என்பதே காரணம். கட்டடத்துக்கு அருகே ஒரு புள்ளியைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு, அதற்கும் நாட்டின் கட்டத்துக்கும் உள்ள தூரத்தைத் தனியாக எழுதி வைப்பதே நல்ல முறை.

மூன்றாவது சரிபார்த்தல். பெங்களூரில் லாம்டன் செய்ததுபோல, நீளம் தெரிந்த ஏதாவது ஒன்றை வடிவத்துக்குள் வைத்து அளந்து பார்க்க வேண்டும். ஒரு கதவின் உயரம் போதும். 2.1 மீட்டர் என்று வர வேண்டிய கதவு 2,100 மீட்டர் என்று வந்தால், கோளாறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிப்பவர்கள் நில அளவைத் துறையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே இந்தத் துறை இருக்கிறது. கணிதமும் பிடித்து, நான்கு சுவருக்குள் உட்காரப் பிடிக்காதவர்களுக்கு இது பொருத்தமான படிப்பு. செயற்கைக்கோளும் டிரோனும் வந்துவிட்ட காலத்திலும், எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும்.

சென்னைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பரங்கிமலைக்கு ஏறிப் பாருங்கள். தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். அதே மலையில் லாம்டனின் நினைவாக ஒரு சிலையும் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே தெரியும் சமவெளியில்தான், மரப் பெட்டிக்குள் கிடந்த 100 அடிச் சங்கிலி 1802இல் நகரத் தொடங்கியது.